சைபர் மில்லிமீட்டர்

நோயலீன் மழையை அளக்க ஆரம்பித்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, ஆட்டுப்பட்டி வேலியோரம் நிற்கும் செப்புக் குடுவையைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, அட்டையில் அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். வட்டாரக் கவுன்சில் இதற்குச் சம்பளம் தருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பழக் கேக் வரும், அதுவும் கல் மாதிரி. ஆனால் ஆற்றங்கரையை எவ்வளவு உயர்த்துவது, வெள்ள எச்சரிக்கை எப்போது கொடுப்பது என்பதையெல்லாம் அவர்கள் முடிவு செய்வது இந்த மாதிரி அட்டைகளை வைத்துத்தான். அதனால் காய்ச்சலானாலும் குட்டி போடும் சீசனானாலும் நோயலீனுக்கு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். அவள் கணவன் மர்ரே அந்தக் குடுவைக்கு வைத்திருந்த பெயர், ‘உன் செப்புப் புருஷன்’.

அந்தப் புருஷனைக் கழற்றிக்கொண்டு போகத்தான் அன்று கவுன்சிலிலிருந்து மெரியானா வந்திருந்தாள். தானாகவே அளந்து தானாகவே தகவல் அனுப்பும் மெஷினை வேலியோரம் நட்டுவிட்டு, சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். மர்ரே அடுப்பிலிருந்து சீஸ் ரோலை எடுத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

“ஆன்ட்டி, உங்க அட்டை மாதிரி சுத்தமான பதிவு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. ஒரே ஒரு நாள்தான் இடிக்குது. தொண்ணூத்தி மூணு, செப்டம்பர் பதினாலு.”

நோயலீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சுத்துவட்டாரத்துல எல்லா இடத்துலயும் அன்னிக்கு அம்பது மில்லிமீட்டருக்குக் குறையல. உங்க கட்டத்துல மட்டும் சைபர். மறுநாள் பாத்தா நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டு நாள் மழையும் சேந்து குடுவையில இருந்திருக்கு. பதினாலாந்தேதி யாருமே அதைத் திறக்கல, அப்படித்தானே?”

மர்ரே வெண்ணெய்க் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“திட்டறதுக்குக் கேக்கல ஆன்ட்டி. காரணம்னு ஒண்ணு போடணும். கருவி பழுதா, இல்ல அளக்க ஆள் இல்லையா?”

“கருவி பழுதுன்னு போட்டுடும்மா,” என்றான் மர்ரே, சட்டென்று. “பழைய சாமான் அது. ஒழுகியிருக்கும்.”

ஒழுகவில்லை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் கவுன்சிலிலிருந்து அட்டை வாங்க வருகிறவன் லிண்ட்ஸே. மாதத்தின் முதல் திங்கட்கிழமை வருவான். நோயலீன் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது கிறுக்கி வைத்திருப்பாள்: ராத்திரி முழுக்கத் தகரத்தில் சத்தம், மேற்கு மலையில் பனி, இன்று யாரோடும் பேசவில்லை. அதை அவன் ஒரு வரி விடாமல் படிப்பான். அவள் எழுதியதைப் படித்த ஒரே ஆள் அவன்தான். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மாற்றலானபோது, “வர்றதா இருந்தா வா நோயலீன். புதன்கிழமை பன்னெண்டு மணி பஸ்ல ஏறு, அங்க நான் நிப்பேன். ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்,” என்றான்.

செவ்வாய் பதினாலாந்தேதி விடியுமுன், மழையோடு மழையாக, அவள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். கடிதம் எழுதி வைக்கவில்லை. டவுனில் ஒரு விடுதியில் இரவு தங்கிப் புதன்கிழமை பஸ் ஏறுவதாகத் திட்டம். மழை விடவே இல்லை. அன்று சாயங்காலமே கவுன்சில் ஆட்கள் கிறைஸ்ட்சர்ச் போகிற வழியில் ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள், இனி நான்கு நாளைக்குப் பஸ் இல்லை என்று அறிவிப்பு. இரவெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காத்திருக்கத் தைரியம் இல்லை. காலையில் பால் லாரியில் ஏறித் திரும்பிவிட்டாள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வீட்டுக்குள்கூடப் போகாமல், நல்ல கோட்டும் நல்ல செருப்புமாகப் பட்டிக்குப் போய்க் குடுவையைத் திறந்தாள். பிறகு எழுத அட்டையை எடுத்தால், நேற்றைய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு சைபர், மர்ரேயின் கோணல் எழுத்தில்.

அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் மழை வலுக்கும்போதெல்லாம் அவள் மனசு அந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடும். ஒரு தடவைகூடப் பாலத்தைத் தாண்டியதில்லை.

“கருவிக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள் நோயலீன். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஆள் இல்லைன்னு போடு. நான்தான் இல்லை. வீட்டை விட்டுப் போயிருந்தேன்.”

மெரியானா இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள். சீஸ் ரோல் இரண்டைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு, குடுவையையும் அட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் நோயலீன் கேட்டாள். “கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சே. ஏன் சைபர் போட்டே?”

“எனக்கு அந்தக் குழாயில அளவு பாக்கத் தெரியாதே.” மர்ரே நாற்காலியில் உட்கார்ந்தான். “ஒன்பது மணி ஆச்சு. உன்னைக் காணோம். கட்டத்தைக் காலியா விட்டா, நீ போயிட்டேன்னு என் கையால எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அதான் கைக்கு வந்ததைப் போட்டேன்.”

நோயலீன் அவனுடைய கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த மழை இல்லேன்னா போயிருப்பியா?” என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகம் தெளிய அது போதும்.

“போயிருப்பேன்.”

“தெரியும்.” ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்தான். “பஸ் இப்பவும் புதன்கிழமை பன்னெண்டு மணிக்குத்தான். பாலத்தையும் உசத்திக் கட்டிட்டாங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு உனக்கு வேலையும் இல்லை.”

நோயலீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேற்கு மலைமேல் கருக்கத் தொடங்கியிருந்தது. அந்த பஸ்ஸுக்கு மனசு இன்னமும் ஏங்கியது, கொஞ்சம்கூடக் குறையாமல்.

“நான் போனா எந்தக் கட்டத்துல சைபர் போடுவே?” என்றாள். “அட்டையைத்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே.”

மர்ரே எழுந்துபோய், அவளுடைய நல்ல கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கதவருகே நாற்காலியில் போட்டான்.