வாயில் ஊக்கோடு ஒரு மணப்பெண்

மேசைமேல் மூன்று புகைப்படங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஓவியக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல எதைப் பார்த்து வரையட்டும்?" என்று கேட்டார். என் அண்ணனின் கண் நேராக மூன்றாவது படத்தில் போய் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே எழுந்து முதல் படத்துக்குத் தாவிவிட்டது. நான் கவனித்தேன். முப்பது வருஷமாகக் கடையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் நான். யார் கண் எந்தச் சரக்கில் விழுந்து எழுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பே.

"இதுதான்மா படம். பிரமாதம்," என்று முதல் படத்தைத் தட்டிச் சொன்னான் அண்ணன்.

எங்களுடையது பொத்தான், ஜிப்பு, லேஸ், ஊக்கு விற்கிற மொத்த வியாபாரக் கடை. சரக்கு எடுக்கப் போனால் பிடித்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பல் முளைக்கும் முன்பே கற்றுக்கொள்கிற பாடம். பிடித்ததைப் பார்த்து, "என்னங்க, சாயம் இப்படி இருக்கு?" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். பிடிக்காததை ஆகா ஓகோ என்று புகழ வேண்டும். வாங்காமல் போகும்போது விற்கிறவன் மனசு நோகாதல்லவா. இதில் கஷ்டம் என்னவென்றால், கடையை மூடினாலும் நாக்கை மூட முடிவதில்லை. புதுச் சட்டை எடுத்தால் "சுமார்". சாப்பாடு ருசித்தால் "உப்பு தூக்கலோ?". அண்ணன் மகளுக்கு வரன் பார்த்தபோது, தண்ணீர்க் குழாய் இன்ஜினியரான மாப்பிள்ளையை எங்கள் எல்லோருக்கும் உள்ளூர ரொம்பப் பிடித்துப்போனது. அண்ணன் வழக்கம்போல, "பையன் கொஞ்சம் மெலிவு, பார்க்கலாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். நான் நேரில் போய், "மெலிவுன்னா எங்க வீட்டுல தங்கம்னு அர்த்தம்," என்று விளக்கிச் சரிக்கட்டிவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டில் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்றே சொல்லிவிடுவார்களாம். கேட்கவே கூச்சமாக இருந்தது எனக்கு.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மகளின் புது வீட்டுக் கூடத்தில் மாட்ட மணப்பெண் படம் ஒன்றை வரைந்து தருவது அப்பாவின் பரிசு. விலை போன தடவையே முடிந்துவிட்டது. ஓவியக்காரம்மா சொன்ன விலைதான், ஒரு காசு இறங்கவில்லை. ஆக, அன்றைக்கு அந்த அறையில் பேரம் பேச ஒன்றுமே மிச்சமில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்க வேண்டுமே. அண்ணி வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று அவளை நாங்கள் அழைத்துப்போகவில்லை. அண்ணனும் மகளும் நானும்தான்.

மூன்று படங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, மேடையில் எடுத்தது. ஸ்டுடியோக்காரன் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில் பிள்ளையின் முகம் எங்கள் கடை முத்துப் பொத்தான் மாதிரி இருந்தது. நாலு துளை போட்டால் சட்டையில் தைத்துவிடலாம். இரண்டாவதில் மாடிப்படியில் நின்று, கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறவளைப் போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது, அலங்கார அறையில் யாரோ ஓரமாக நின்று எடுத்தது. புடவையின் தோள் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகவாயைத் தாழ்த்தி, உதட்டுக்கு நடுவில் இரண்டு ஊக்குகளைக் கவ்வியிருக்கிறாள். ஒற்றைப் புருவம் மட்டும் ஏறியிருக்கிறது. வலது ஓரத்திலிருந்து ஒரு ஆணின் கை, ஓடிவந்த வேகத்தில் கலங்கலாக, ஊக்கு அட்டை ஒன்றை நீட்டுகிறது.

அது அண்ணன் கை. ஊக்கு விற்கிறவன் வீட்டுக் கல்யாணத்தில், அன்று காலை, ஊக்கு தீர்ந்துவிட்டது. பட்டு வேட்டியோடு கடைக்கு ஓடி, ஷட்டரைத் தூக்கி, அட்டையோடு ஓடிவந்தான்.

"நீ சொல்லும்மா," என்று ஓவியக்காரம்மா மகளைப் பார்த்தார். அவளுக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். ஒல்லி, கூர்மை, தொலைந்தால் வீடே தேட வேண்டும்.

"மேடைப் படம் நல்லா இருக்கு," என்றாள் குண்டூசி. "மூணாவது வேணாம். வாயில ஊக்கைக் கடிச்சுக்கிட்டு, தையல்காரி மாதிரி இருக்கேன்." சொல்லும்போதே அவளுடைய விரல் அந்த மூன்றாவது படத்தின் மடங்கிய மூலையை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தது.

"ஆமா ஆமா," என்றான் அண்ணன். "அந்தக் கை வேற குறுக்க. யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி."

அவள் விரல் நின்றுவிட்டது.

ஓவியக்காரம்மா முதல் படத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் "இது" என்று எழுதினார். மற்ற இரண்டையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு ஓரமாக வைத்தார். "திங்கள்கிழமை மத்தியானம் துணியில கோடு போடுவேன். கோடு போட்டாச்சுன்னா மாத்த மாட்டேன்."

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முதல் "வேண்டாம்" வணக்கம் மாதிரி. இரண்டாவது "வேண்டாம்"தான் பேச்சு. அந்த இரண்டாவது சுற்றுக்காகக் காத்திருந்தேன். அந்த அம்மாவிடம் ஒரே சுற்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

பேருந்தில் அண்ணனுக்கு முன்பக்க சீட்டில் இடம் கிடைத்தது. நானும் குண்டூசியும் பின்னால். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அத்தை, அப்பா அந்தக் கையை நிஜமாவே பிடிக்காமதான் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஏன், உனக்குத் தெரியாதா உங்கப்பாவை?"

"தெரியும். அதான் தெரியல." சற்று நேரம் விரலில் மோதிரத்தைச் சுற்றினாள். "அவருக்குக் கூச்சமா இருந்தா வேணாம் அத்தை. பெரிய கூடம். வர்றவங்க போறவங்க எல்லாம் பார்ப்பாங்க. கடைக்காரர் கைன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சிருப்பாரு. நான் கட்டாயப்படுத்தல."

அவள் தன் நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். கடைக்கு வந்ததும் அண்ணன் ஜிப்புகளை நிறவாரியாக அடுக்க உட்கார்ந்துவிட்டான். அதை அடுக்க வேறு ஆள் இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களில் மட்டும் அண்ணனே அடுக்குவான், அதுவும் தப்பாக.

"பிள்ளைக்கு மேடைப் படம்தான் பிடிச்சிருக்கு," என்றான், என்னைப் பார்க்காமல். "இன்ஜினியர் வீட்டுக்குப் போனவ. அவங்க வீட்டுப் பழக்கம் வந்துடுச்சு. மனசுல பட்டதைச் சொல்லிட்டா. நல்லதுதான்."

"உனக்கு எது பிடிச்சுது?"

"எனக்கு என்ன. எல்லாமே சுமார்தான்."

சிவப்பு ஜிப்பை ஊதா ஜிப்புக் கட்டோடு வைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே குடும்பம், ஒரே பாஷை. ஊரையே அந்தப் பாஷையால் ஏமாற்றிவிட்டு, கடைசியில் அப்பனும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திங்கள்கிழமை அந்த முத்துப் பொத்தான் முகம் துணியில் ஏறிவிட்டால், அது அந்தக் கூடத்தில் ஆயுசுக்கும் தொங்கும். இவன் ஒவ்வொரு தடவை போகும்போதும் பிரமாதம் என்பான். அவளும் ஆமாம்ப்பா என்பாள்.

ஓவியக்காரம்மாவுக்குப் போன் செய்து, "மூணாவது படத்தையே வரைஞ்சிடுங்க," என்றேன்.

"அவங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னாங்களே?"

"அது சும்மா சொன்னது."

"சும்மா சொல்றதுக்கு எதுக்கும்மா பஸ் ஏறி வந்தாங்க?" என்றார் அந்த அம்மா. "சொன்னதைக் கேட்டு வரையறவ நான். சொல்லாததைக் கேட்டு வரையற ஆள் வேணும்னா வேற எங்கயாவது பாருங்க. மாத்தணும்னா அவங்களே வந்து, அவங்க வாயால சொல்லட்டும்."

அண்ணனிடம் கையெழுத்துப் போட வரச்சொன்னார்கள் என்றேன். குண்டூசியிடமும் அதையே சொன்னேன். பொய்தான், வியாபாரத்தில் இதெல்லாம் போக்குவரத்துச் செலவு.

திங்கள்கிழமை காலை, கடையைத் திறக்காமல் போனோம். துணி சட்டத்தில் இழுத்துக் கட்டித் தயாராக நின்றது, வெள்ளை வெளேரென்று. ஓவியக்காரம்மா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். உறையிலிருந்து மூன்றாவது படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் பத்தி ஏதோ சொல்லணுமாமே?"

அண்ணன் என்னை முறைத்தான். பிறகு படத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அது... அவ்வளவு மோசமில்ல."

"அப்படின்னா?"

"வேணும்னா அதையே வரையலாம்."

"வேணுமா, வேணும்னாவா?" ஓவியக்காரம்மா பென்சில் முனையை ஊதினார். "ரெண்டுக்கும் நடுவுல எனக்கு வரையத் தெரியாது."

பெரிய பெரிய மில் முதலாளிகளை மடக்கிய வாய் அண்ணனுடையது. இப்போது திறந்து திறந்து மூடிக்கொண்டது. அண்ணன் மகளைப் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"எனக்கு வேணும்பா," என்றாள். அதையும் செருப்பிடம்தான் சொன்னாள். "அந்தக் கையோட வேணும்."

"கை எதுக்குடா கண்ணு? பிசிறடிச்சுக் கிடக்கு."

"கை இல்லாட்டி நான் எதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கறேன்னு யாருக்குப்பா தெரியும்? எவ்வளவு நேரம்னு உங்களைத் திட்டத்தான் தூக்கினேன். வாயில ஊக்கு இருந்ததால தப்பிச்சீங்க."

ஓவியக்காரம்மா சிரிக்கவில்லை. பென்சிலை அண்ணன் பக்கம் நீட்டினார். "கைக்காரர் என்ன சொல்றாரு?"

"வேணும்," என்றான் அண்ணன்.

ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான். எதைப் பார்த்தும் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, யாராவது விலையை ஏற்றிவிடப் போகிறார்கள் என்று பயந்தவன் மாதிரி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். யாரும் ஏற்றவில்லை. குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஓவியக்காரம்மா படத்தின் பின்பக்கம் "இது" என்று எழுதிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக் கையை ஆராய்ந்தார். "கை கலங்கலா இருக்கு. விரல் எது, அட்டை எதுன்னு தெரியல. புதன்கிழமை வாங்க. நீட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உட்காரணும். அதே மாதிரி ஊக்கு அட்டை கொண்டாங்க."

அந்த இரண்டு நாளும் அண்ணன் பட்ட பாட்டைக் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்லை. சோப்புப் போட்டான், தேங்காய் எண்ணெய் தேய்த்தான். மை பட்ட விரலை எலுமிச்சையால் தேய்த்து வெளுக்கவைத்தான். "கல்லாப்பெட்டிக்கு வெளியில இந்தக் கைக்கு இப்பதான் மரியாதை," என்று அண்ணி கேலி செய்ததும் அவன் காதில் விழவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஊக்கு அட்டையை நீட்டினான். குண்டூசியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஓவியக்காரம்மா கிட்டே வந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"கட்டை விரல் நகம் எங்க?"

அண்ணன் முழித்தான். அட்டையிலிருந்து ஊக்கைப் பிரிக்க, நூல் கட்டை அறுக்க, பார்சலில் ஒட்டிய டேப்பை உரிக்க என்று ஒரு நகத்தை மட்டும் நீளமாக விட்டு வைத்திருப்பான். ஓரம் கொஞ்சம் பிளந்து, மஞ்சள் பாரித்து, எங்கள் கடையில் கத்தரிக்கோலுக்கு அடுத்த ஆயுதம். கலங்கலான அந்தக் கையில் தெளிவாக விழுந்திருந்த ஒரே விஷயம் அதுதான்.

"வெட்டிட்டேன்மா. படத்துல அசிங்கமா இருக்குமேன்னு."

"யாரு வெட்டச் சொன்னா?"

"அது... நல்லாவா இருந்துச்சு?"

"அப்பா," என்றாள் குண்டூசி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் அவள் தோள் குலுங்கியது.

"ஒரு மாசம் கழிச்சு வாங்க," என்றார் ஓவியக்காரம்மா, தூரிகையைக் கீழே வைத்துவிட்டு. "அதுவரைக்கும் முகத்தை முடிச்சு வைக்கிறேன். அந்த விரலால எதையும் பிரிக்காதீங்க, உரிக்காதீங்க."

வெளியே வந்தோம். தெருவில் நல்ல வெயில், நல்ல கூட்டம். எதிரில் வந்த லேஸ் வியாபாரி கை கொடுக்க வந்தார். அண்ணன் இடது கையைக் கொடுத்தான். மூட்டை தூக்குகிறவர்கள், சைக்கிள்கள், கடை வாசலில் தொங்குகிற சாமான்கள் எல்லாவற்றுக்கும் நடுவில், வலது கையை மார்புக்கு நேராக, எதிலும் படாமல், பெயிண்ட் காயாத பலகையைச் சுமக்கிறவனைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். குண்டூசி அவனுக்கு வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் முழங்கையால் ஒதுக்கி வழி பண்ணிக்கொண்டே போனாள்.