கீழ்வீட்டுப் பின்னறை

வெள்ளம் வடிந்த அந்த வாரம் ஹென்டர்சன் புறநகரில் பல வீட்டு வாசல்களில் ஊறிப்போன கார்பெட்டும் மெத்தையும் குவிந்து நாறிக்கொண்டிருந்தன. நிசாந்தினியின் வீடு மேட்டில் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தப்பிவிட்டோம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், திங்கட்கிழமை உடுப்புக் காயப்போடப் பின்வளவுக்குப் போகும்வரை.

புல்லுக்குள் கால் புதைந்தது. வேலியோரமாக நிலம் நீளத்துக்கு வெடித்திருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை போனது. வேலிக்கு அப்பால் சரிவு. சரிவின் அடியில் அகிலாவின் வீடு.

வேலையால் வந்த கணவன் யசீகரன், வெடிப்பின் மேல் ஒரு தார்ப்பாயை விரித்துக் கல் வைத்தான்.

"கவுன்சிலுக்குச் சொல்லுவமே?" என்று கேட்டாள்.

"சொன்னால் வந்து வீடு ஆபத்தெண்டு சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டிப்போட்டு வெளிய போகச் சொல்லுவாங்கள். பிள்ளையளோட எங்க போய் நிக்கிறது? மழை விட்டிட்டுது. மண் காய்ஞ்சால் இறுகிடும். நீர் ஒருத்தரோடையும் கதைக்காதையும்."

அவள் கதைக்கவில்லை. ஆனால் கூரையில் ஏதாவது உரசினாலும் எழுந்துபோய்ப் பார்த்தாள். புதன்கிழமை காலை, வார இறுதியில் மறுபடியும் கனமழை என்று வானொலி சொன்னது. ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். இப்போது முழங்கை வரை போனது.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அகிலா திருச்சிக்காரி. கறிவேப்பிலை கேட்டு வந்து பழகியவள். "வாங்கக்கா, மெதுவா. பாப்பா இப்பதான் தூங்குச்சு" என்று பின்னறையைக் காட்டினாள். குழந்தையின் கட்டில் சரிவுப் பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"அகிலா, பிள்ளையைத் தூக்கும். எங்கட வளவு வெடிச்சிருக்கு. மண் சரிஞ்சால் இந்தப் பக்கம்தான் வரும்."

அகிலா ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். முன்னறைக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "எப்பக்கா பாத்தீங்க?"

"திங்கட்கிழமை."

"ரெண்டு நாளாவா? ரெண்டு நாளா என் பிள்ளை அங்கதான தூங்குது!"

நிசாந்தினி அங்கே நின்றே கவுன்சிலுக்குப் போன் எடுத்தாள்.

மறுநாள் வந்த பொறியியலாளர் வெடிப்பைப் பார்த்ததும் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு வீட்டுக் கதவிலும் சிவப்பு ஸ்ரிக்கர். அகிலா குடும்பம் மனுகாவில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போனது. போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிசாந்தினி குடும்பம் ஆல்பனியில் அக்கா நிலானியின் வீட்டில் ஓர் அறைக்குள் ஒடுங்கியது. யசீகரன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "நினைச்சதைச் செய்துபோட்டீர்தானே" என்று மட்டும் ஒருதரம் சொன்னான்.

சனிக்கிழமை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. ஞாயிறு காலை யசீகரன் தங்கள் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தான்.

"சரிஞ்சிட்டுது, நிசா. எங்கட வீடு நிக்குது. அவையின்ர பின்னறைச் சன்னலுக்குள்ளால மண் உள்ள போயிருக்கு." பிறகு மெல்லச் சொன்னான்: "நான் சொன்னதைக் கேட்டிருந்தீரெண்டால்..."

நிசாந்தினி போனை வைத்தாள். பிறகு அகிலாவை அழைத்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். எடுத்தாள்.

"யாரோ படம் அனுப்பினாங்க, பாத்தேன்" என்றாள் அகிலா. பின்னால் குழந்தை மழலை பேசிக்கொண்டிருந்தது. "நீங்க சொல்லாம இருந்தத நெனச்சா இன்னும் வயிறு எரியுதுக்கா."

"ஓம். எரியும்தான்."

அகிலாதான் பேச்சை மாற்றினாள்.

"நாளைக்குக் கொஞ்ச நேரம் முன்பக்கமா உள்ள விடுவாங்களாம், சாமான் எடுக்க. இவருக்கு வேலை. தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

"வாறன்" என்றாள் நிசாந்தினி.