பேர் கொடுத்த ஆள்

நார்த்தாமலைக்குக் கிழக்கே இருந்த கல் பட்டறையில் பன்னிரண்டு கறுப்புப் பலகைகள் லண்டனுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எட்டடி உயரம். கிரேன் இல்லாமல் அசையாது. பன்னிரண்டிலும் பெயர்கள், இலங்கையில், இரண்டாயிரத்து ஒன்பதில், முள்ளிவாய்க்கால் மணலில் அரசாங்கத்துப் பட்டாளம் குண்டு போட்டுக் கொன்ற சனங்களின் பெயர்கள். லண்டனில் இருக்கும் ஒரு சங்கம் பட்டியல் அனுப்பியிருந்தது.

வேலை சுலபமில்லை. மெஷினில் எழுத்து வெட்டிய ரப்பர் தாளைப் பலகை முழுக்க ஒட்டிவிடுவார்கள். எழுத்துகளை மட்டும் கத்தி முனையால் நெம்பி எடுக்க வேண்டும். அப்புறம் குழாயால் மணலை அடித்தால், எடுத்த இடத்தில் கல் குழியும். தாள் மூடிய இடத்தில் கீறல்கூட விழாது. எழுத்தெடுப்பது பெண்களுக்கான கூலி வேலை. நாள் முழுக்கக் குந்தியிருந்தால் சாயங்காலம் இடுப்பு தனியாகக் கழன்று விழும்.

இசைவாணியும் மூக்காயியும் நாலு நாளாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்காயிக்குப் படிக்கத் தெரியாது. "எனக்கென்ன, கோலப்பொடி உதுத்த மாதிரித்தான்" என்பாள். இசைவாணி அகதி முகாமிலிருந்து வருகிறவள். முள்ளிவாய்க்காலில் இருந்து பதின்மூன்று வயதில் உயிரோடு வந்தவள். முதல் நாளே மூக்காயி கேட்டுவிட்டாள்.

"ஏ புள்ள, உன் ஆளுக பேரெல்லாம் இதுல இருக்குமாடி?"

"எப்படிக்கா இருக்கும்? பேர் குடுக்க ஆள் வேணும்ல. எங்க வீட்டுல எல்லாரும் ஒரே பங்கருக்குள்ள, பதுங்குகுழியோட மண்ணுக்குள்ள போயிட்டாங்க. நான் மட்டும் கஞ்சி வாங்கப் போயிருந்தேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐந்தாம் நாள், கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒன்பதாவது பலகை. மணி பதினொன்று. எடுத்த எழுத்துகளை எறிய நேரமில்லாமல் இடது முழங்கையில் ஒட்டிக்கொண்டே போவது இசைவாணியின் வழக்கம். 'கந்தையா வீரய்யா, 44, விசுவமடு' என்று ஒரு வரி முடிந்தது. கை நின்றது. அப்பாவின் பெயர். அப்பாவின் ஊர். அப்பாவின் வயது.

அடுத்த வரியைக் கத்தி தானாக எடுத்தது. வீரய்யா செல்லம்மா, 39. அம்மா.

அதற்கடுத்த வரி. வீரய்யா இசைவாணி, 13. அதோடு நிற்கவில்லை. பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பல்லி.

இசைவாணி போட்ட கூச்சலில் மணலடிக்கும் கம்ப்ரசர் சத்தமே அடங்கிப்போனது. குழாயும் முகமூடியுமாக நின்ற வெற்றிசெல்வன் மெஷினை அணைத்துவிட்டு ஓடி வந்தான்.

"என்னடி, கையக் கிய்ய அறுத்துக்கிட்டியா?" என்றாள் மூக்காயி.

"அக்கா, நான் செத்துப்போயிட்டேன்க்கா! இங்க பாருங்க, என் பேரு!"

"வெயிலு மண்டையில ஏறிருச்சு. வெற்றி, தண்ணி கொண்டா."

சூப்பர்வைசர் ஆரோக்கியதாஸ் கையில் பட்டியலோடு வந்தார். நாலு மணிக்கு லாரி. தூத்துக்குடியில் கப்பல். அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"இந்தப் பல்லியா? நானே தப்புன்னு நெனச்சு லண்டனுக்கு போன் போட்டுக் கேட்டேம்மா. கல்லுல போயி பல்லின்னு வெட்டுறதான்னு. பேர் குடுத்தவரு கண்டிப்பா வேணும்னு சொல்லிட்டாராம். அவங்க பழக்கம், வீட்டுப்பேரு."

"குடுத்தவரா? யாரு சார்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

இசைவாணியைப் பல்லி என்று ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. அம்மாகூட. பங்கருக்குள் கிடந்த மூன்று மாதத்தில், ஒவ்வொரு ஷெல் விழும்போதும் அவள் பயத்தில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு ச்சு ச்சு' என்பாள். "பல்லி சொல்லுது, இண்டைக்கு நாங்கள் தப்பியிடுவம்" என்று சிரிப்பான் அண்ணன் நிலவழகன். பதினாறு வயது. அவன் வைத்த பெயர் அது. அவன் இருந்த பங்கர் மண்மேடாய்க் கிடந்ததைத்தான் அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

பல்லி என்று எழுதிக் கொடுத்திருக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அப்படியானால் அடுத்த வரி?

கத்தியை நீட்டினாள். நுனி ரப்பரில் படுமுன் இழுத்துக்கொண்டாள். அடுத்த வரி 'வீரய்யா நிலவழகன்' என்றிருந்தால் எல்லாம் முடிந்தது.

"நீங்க எடுங்கக்கா. என்னால ஆகாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். "இந்தா ஒண்ணு... இந்தா ரெண்டு... சார், படிங்க சார், புள்ள உசுரு போகுது!"

ஆரோக்கியதாஸ் குனிந்தார். "முருகேசு தர்மலிங்கம், அறுபத்தொண்ணு, தர்மபுரம்."

"அதுக்கடுத்தது?"

"அதுவும் தர்மபுரம்தான். விசுவமடு உங்க வீட்டோட முடிஞ்சிருச்சும்மா."

"இல்ல! அண்ணன் பேரு இல்ல!" இசைவாணி எழுந்து குதித்தாள். "சார், போன் போடுங்க!"

"இப்பவா? அங்க இப்பத்தாம்மா விடிஞ்சிருக்கும். நீ மொதல்ல உக்காந்து வேலையப் பாரு, லாரி..."

அவள் பலகைமேல் குப்புறப் படுத்துவிட்டாள். "லாரி வந்தா என் மேல ஏத்தச் சொல்லுங்க. உசுரோட இருக்கிறவ பேர வெட்ட விடமாட்டேன்."

"போடுங்க சார்," என்றான் வெற்றிசெல்வன். "நான் மணல் அடிக்க மாட்டேன்."

நாலாவது தடவைதான் சங்கத்துச் செயலாளர் எடுத்தார். தூக்கக் குரல். பதினாறு வருடமாகப் புதுக்கோட்டைப் பேச்சு பேசிப் பழகிய இசைவாணியின் நாக்கு, அந்தக் குரல் கேட்டதும் ஊருக்கே திரும்பிவிட்டது.

"ஐயா, நான் வீரய்யான்ர மகள் இசைவாணி. உங்கட ஒன்பதாவது கல்லில என்ர பேர் கிடக்கு. நான் சாகேல்லை."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது; செயலாளர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை, இப்பிடிக் கனபேர் எடுத்திருக்கினம். காணாமல்போன பிள்ளையைக் கண்டனாங்கள் எண்டு சொல்லிக் காசு பறிச்சவையும் இருக்கினம். பேர் தந்தவர்ர விவரம் நான் தர ஏலாது."

"தர வேண்டாம். அவருக்கு நீங்களே எடுத்து, பல்லி கதைக்கிறாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவ்வளவும் காணும்."

போனைப் பலகைமேல் வைத்தார்கள். நாலு பேரும் சுற்றி நின்று அடை காத்தார்கள். ஆரோக்கியதாஸ் ஒரு தரம் வாட்சைப் பார்த்தார், ஒரு தரம் சிலுவை போட்டுக்கொண்டார். மூக்காயி வெற்றிலையை வாயில் போட்டவள் மெல்ல மறந்துவிட்டாள்.

போன் அடித்தது.

"ஆர் நீ?" ஆண் குரல். கனத்த குரல். "என்ர தங்கச்சியின்ர பேரில விளையாடாத. செத்த பிள்ளையை வைச்சு விளையாடாத."

இசைவாணி போனை வாயருகே பிடித்தாள். நாக்கு மேலே ஒட்டிப் பிரிந்தது.

"ச்சு, ச்சு, ச்சு."

அந்தப் பக்கம் என்னவோ உடைந்த சத்தம். கோப்பையாக இருக்கும். பிறகு வளர்ந்த ஆண் ஒருவன், மாடு கதறுவதுபோல் கதறினான்.

"உன்ர சட்டியைக் கண்டனான் வாணி. ஷெல் விழுந்ததும் உன்னைத் தேடித்தான் பங்கரை விட்டு வந்தனான். கஞ்சி வரிசையில உன்ர சட்டி கிடந்தது. பக்கத்தில... அது நீ எண்டுதான் நினைச்சன்."

"சட்டியை எறிஞ்சுபோட்டு ஓடினனான் அண்ணா. திரும்பி வர பங்கர் இல்லை."

"அப்ப, அம்மாவும் அப்பாவும் தப்பினவையோ?"

"பங்கரோட மூடிப்போட்டுது."

இருவரும் அழுதார்கள். வீடியோவைப் போட்டபோது இசைவாணி அழுகையின் நடுவே கேட்டாள்: "மொட்டை அடிச்சனியோ?"

"அடிக்கேல்லையடி பல்லி, கொட்டிப்போச்சு."

"அய்யோ, தேங்காய் மாதிரி இருக்காரேடி!" என்று மூக்காயி எட்டிப் பார்த்துச் சொல்ல, லண்டனில் அந்த ஆள் அழுதுகொண்டே சிரித்தான்.

மணி இரண்டானது. ஆரோக்கியதாஸ் கனைத்தார். புதுத் தாள் வெட்ட நேரமில்லை. இசைவாணி முழங்கையில் ஒட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, பள்ளத்தில் அதனதன் இடத்தில் திரும்ப வைத்து நகத்தால் அழுத்தினாள். வயதையும் மூடினாள். பல்லியையும் மூடினாள். அதற்கு மேலே இருந்த இரண்டு வரிகளில் மட்டும் பிசிறு இல்லாமல் ஓரத்தைச் சுத்தம் செய்தாள். அப்பா அம்மா பெயர் ஆழமாக விழ வேண்டும்.

"அந்த எடம் மூளியா நிக்குமேக்கா," என்றான் வெற்றிசெல்வன்.

"நிக்கட்டும் தம்பி. நீ அடி."

அவன் முகமூடியை மாட்டப் போனான். அதற்குள் இசைவாணிக்கு வேறொன்று பொறி தட்டியது. முகாமில் எழுபது குடும்பம். ஒவ்வொரு வீட்டிலும், பேர் கொடுக்க ஆள் இல்லை என்று உட்கார்ந்திருக்கிறவர்கள். அவர்கள் பெயரையும் எங்கிருந்தோ ஒரு ஆள் கொடுத்திருக்கலாம்.

"சார், லாரிய நாளைக்கு மாத்துங்க."

"அம்மா தாயே, என் வேலை போயிரும்!"

"போனா எழுத்தெடுக்க வாங்க. நான் சொல்லித் தாரேன்."

ஆரோக்கியதாஸ் லாரிக்காரனுக்கு போன் போட்டார், இசைவாணி முகாமுக்குப் போட்டாள்.

மூன்றரை மணிக்கு முகாமிலிருந்து ஒரு மினி லாரி பட்டறைக்குள் புழுதி கிளப்பிக்கொண்டு நுழைந்தது. நிற்பதற்குள் சனம் குதித்தது. முதலில் இறங்கியவள் அடைக்கலமேரி, இசைவாணியைக் கைப்பிடித்துப் படகேற்றிக் கூட்டி வந்த மாமி. மூச்சு இரைத்தது. கண்ணாடியை முகாமிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"முதலாம் கல்லில இருந்து வாசி பிள்ளை," என்றாள், கல்லைத் தடவியபடி. "விறுவிறெண்டு வாசி. நானும் எங்கேயாவது செத்துக் கிடக்கிறனோ எண்டு பார்."