முனிலட்சுமிக்குக் கண் எழுதிய காலை

...இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏற்றலாமா, வேண்டாம், நெருப்பு அழகாக வந்துவிட்டது, அதுதான் வினை, பாழாய்ப்போன கை, எதைத் தொட்டாலும் அழகாக்கித் தொலைக்கிறது என்று ஆஞ்சப்பன் தன்னையே திட்டிக்கொண்டான். பேரிகை ஊர் தர்மராஜா கோயில் சுவரில் அவன் எழுதும் படத்தில் யாகத் தீயிலிருந்து புதுப் பிறவியாக எழுகிறாள் திரௌபதி, ஆனால் முகம் செத்துப்போன முனிலட்சுமியுடையது. அவள் மாமனார் நாராயணப்பன் கேட்டு வாங்கிய முகம். "நெருப்புல போனவ நெருப்புல பொறக்கட்டும் ஆஞ்சப்பா, ஊரே கும்புடட்டும்." அடேயப்பா, என்ன பக்தி! சமையல்கட்டில் அவள் எரிந்தபோது கதவு வெளியே தாழிட்டிருந்தது, தாழை நீக்கியவள் அன்றைக்கு வேப்பனப்பள்ளியிலிருந்து மகளைப் பார்க்க வந்த வெங்கடம்மாள், அதைச் சந்தையில், பஸ்ஸில், மாநிலம் பிரிக்கையில் ஓசூர் மைசூரோடு போகுமா மெட்ராசோடு நிற்குமா என்று அடித்துக்கொள்கிறவர்கள் நடுவில்கூடச் சொல்லி அழுதாள், அடுத்த வாரம் சேலம் கோர்ட்டில் சொல்லப்போகிறாள், அவளை விட்டால் வேறு சாட்சி ஏது?

முடியாது என்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை, நடந்ததைப் படத்தின் வாயில் காட்டிவிடலாம் என்று நினைத்தான். அம்மனுக்கு வாயை மூடித்தான் எழுதுவது, இவன் திறந்து எழுதினான், அலறல், பார்க்கிறவன் ஈரக்குலை நடுங்க வேண்டும், அவளைக் கட்டின மாதப்பன் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கண் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியில், பட்டினியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும், கண் திறந்த அம்மன்மேல் மறுபடி தூரிகை படக்கூடாது. காதுவரை நீட்டினான், கை பழகிய அம்மன் கண், அப்பாடா என்று திரும்பினால் பின்னால் வெங்கடம்மாள். போச்சு, நெஞ்சு வெடித்துவிடுமே இந்தப் பொம்பளைக்கு... அவள் அழவில்லை. சுவரருகே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"சிரிச்சிக்கினே எழுந்து வர்றா பாருப்பா எம்பொண்ணு. வலியே இல்ல அவளுக்கு."

"இல்லம்மா, அது..."

"இனிமே நான் சேலத்துக்கு எதுக்குப் போவணும்? சாமியாயிட்டவள எதுக்குக் கோர்ட்டுல இழுக்கணும்?"

ஆஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தான். வாயில் ஒரு கோடுகூட மாறவில்லை, ஆனால் அந்த நீண்ட கண்களுக்குக் கீழே அலறல் எங்கே? சிரிக்கத்தான் சிரிக்கிறாள், கடவுளே. வெங்கடம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், இத்தனை மாதத்தில் அவள் முகம் தெளிந்து இன்றைக்குத்தான் பார்க்கிறான். சுவர் இன்னும் ஈரம்தான், ஈரத்துணியால் கண்ணில் ஒரு துடைப்பு போதும், அலறல் திரும்பிவிடும்... துடைத்தால், பெற்றவள் கண்ணெதிரே முனிலட்சுமியை இன்னொரு தரம் எரிக்கிறவன் யார், நான்தானே?