ராணி கொடுத்த ஆட்டம்

1.
இந்தக் கதை என்னிடம் ஒரு முறைப்பாடாகத்தான் வந்தது.

மருதமுனையில் செஸ் தெரிந்த எல்லோருக்கும் 'ராணி கொடுத்த ஆட்டம்' தெரியும். பல வருடங்களுக்கு முன் மாவட்ட இறுதிப் போட்டியில் மசூர் தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் வாயிலேயே வைத்தார். எடுத்தாலும் தோல்வி, விட்டாலும் தோல்வி என்பது ஊர்ப்பேச்சு. எதிரே இருந்த ஹிஷாம் ராணியைத் தொடாமலே தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த ஆட்டத்துக்காக இந்த வெள்ளிக்கிழமை மசூருக்குப் பொன்னாடை. விழா மலரில் எழுதும் வேலை என் தலையில்.

ஹிஷாமின் மகள் நுஸ்ஹா கைபேசியோடு வந்தாள்.

"இது பெரிய ஆட்டமே இல்ல, மாமா. போன்ல போட்டுப் பாத்தன். ராணிய விட்டுட்டுக் குதிரயால செக் வெச்சிருந்தா மசூர் மாமாதான் தோத்திருப்பார். சின்னதுல இருந்து என்னை 'ராணிக்குப் பயந்தவர்ட மகள்' எண்டுதான் செல்றாங்க. இத எழுதுங்க."

2.
முதல் தொடக்கம்: "அன்று கடலும் மூச்சை அடக்கிக்கொண்டு—" (வேண்டாம். கடலுக்கு செஸ் தெரியாது.)

இரண்டாவது: "மேதைமை என்பது யாதெனில்—" (இப்படித் தொடங்கும் எதையும் நானே கடைசிவரை வாசித்ததில்லை.)

கணக்குப் பிழைத்த ஆட்டம் பேரெடுக்கலாமா? எடுக்கலாம் என்பது என் கட்சி. எதிரே மனிதன் இருக்கிறான் என்பது கைபேசிக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று இடித்தது. ஹிஷாம் இலேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவர் மீன் வாங்கப் போனாலே கல்முனைச் சந்தை கலங்கும்.

3.
ஊர்ப்பேச்சில் விடுபட்ட ஒரு விடயம்: ராணியை வைத்த கையோடு அஸருக்குப் பாங்கு சொன்னது. எங்கள் வழக்கப்படி மணிக்கூட்டை நிறுத்தி, பலகையை ஒரு சாரத் துணியால் மூடிவிட்டு, எல்லோரும் பள்ளிக்குத் தொழப் போனார்கள். தொழுதுவிட்டு வந்துதான் ஹிஷாம் தன் ராஜாவைச் சாய்த்தார்.

அவரிடமே போய்க் கேட்டேன்.

"குதிர செக்கக் காணல்லயா?"

"கண்டன். சுஜூதுல, நெத்தி நிலத்துல இருக்கக்குள்ள கண்டன்."

"பின்ன ஏன் ஆடல்ல?"

"அல்லாஹ்வுக்கு முன்னால நிக்கக்குள்ள களவா வந்த யோசின அது. அத வெச்சி ஆட்டத்த வெண்டா, நான் தொழுதது என்னத்துக்கு? மசூர் ஒழுங்காத் தொழுதிருப்பான். அவனுக்கிட்ட மட்டும் செல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

(இதற்கு மார்க்கத்தில் என்ன சட்டம் என்று வாசகர் கேட்கலாம். ஒரு மௌலவியிடம் போயிருந்தால் இது கதையாக இராது, ஃபத்வாவாகியிருக்கும்.)

4.
இதுவரை மசூரை ஒரு தற்பெருமைக்காரராகவே எழுதி வைத்திருந்தேன். மலருக்கு அவரிடம் படம் வாங்கப் போன இடத்தில் அந்தப் பந்தியை வெட்டவேண்டி வந்தது.

"பொன்னாட வேணாமெண்டு செல்லப்போறன்" என்றார்.

"ஏன், மசூர் நானா?"

"தொழத் தொடங்கித் தக்பீர் கட்டினதுமே பிழ தெரிஞ்சிட்டு. குதிர செக். தொழுக முழுக்க எனக்கு ஒரே துஆதான்: யா அல்லாஹ், ஹிஷாமுக்கு அது தெரியப்படா. வந்து பாத்தா அவன் ராஜாவச் சாய்ச்சிட்டான். அண்டைக்குப் பிறகு அவன்ட மொகத்த நேராப் பாத்ததில்ல."

பிறகு கேட்டார்:

"அவனுக்கிட்டக் கதச்சீங்கதானே. அவன் அதக் கண்டானா, இல்லயா? காணல்ல எண்டா என்ட துஆ கபூல், அல்லாஹ் கேட்டுட்டான். கண்டிருந்தா, நான் அவன் தருமமாத் தந்த சதக்காவத்தான் இவ்வளவு காலமும் திண்டிருக்கன். செல்லுங்க."

5.
முடிவு ஒன்று: "காணல்ல" என்கிறேன். மசூர் நிம்மதியாகப் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார். நுஸ்ஹா ராணிக்குப் பயந்தவரின் மகளாகவே—

முடிவு இரண்டு: "கண்டார்" என்கிறேன். மசூர் எழுந்து நேரே ஹிஷாமின் வீட்டுக்கு—

இரண்டையும் வெட்டிவிட்டேன். ஒன்று பொய். மற்றது வாக்குத் தவறுவது.

மசூர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹிஷாமுக்கு வாக்குக் கொடுத்தவன் நான், நீங்கள் கொடுக்கவில்லை. அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.