நாலாவது பங்கு

எனக்கு வாய் நீளம். பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் பக்கொக்கு ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

அம்மா இறந்த ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டோம். தங்கை கின் சோ யூ அழுதுகொண்டே சமைத்ததில் மீன் குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "ஐராவதியையே கொண்டுவந்து ஊத்தினாலும் இந்த உப்பு அடங்காதுடி!" என்று தெருவே கேட்கச் சிரித்தேன். கரண்டியைப் போட்டுவிட்டுப் போனவள்தான். மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை.

இன்று அம்மாவின் வருஷ நினைவு. ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் அனுப்பி முறையாகத்தான் அழைத்தேன். வாங்கிக்கொண்டாள், வரவில்லை.

ஐந்து பிக்குகளும் உண்டு முடித்து ஓதினார்கள். நான் தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்தேன். பிறகு புண்ணியத்தைப் பங்கு வைக்க வேண்டும். நான் மூன்று தடவை கூவ, காதில் விழுந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் 'நல்லது' என்ற பொருளில் "தாடு" சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாதவருக்குப் பங்கு சேராது. அம்மா பேரில் வந்த புண்ணியத்தைக்கூட என் கையால் வாங்க மாட்டேன் என்று அவள் இருந்துவிட்டால், அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"பங்கு! பங்கு! பங்கு! எல்லாரும் எடுத்துக்கோங்க!"

"தாடு! தாடு! தாடு!" கூடியிருந்தவர்கள் போட்ட சத்தத்தில் வேலிப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ம்ஹூம்.

எழுந்து வேலியைப் பார்த்து நாலாவது தடவை கத்தினேன்.

"பங்கு! பங்கு! பங்கு!"

எதிர்வீட்டு ஊ ச்சோ யின் சிரித்துவிட்டார். "மூணோட முடிஞ்சுது அக்கா. இது யாருக்கு, காக்காவுக்கா?"

பெரிய பிக்குகூட விசிறியைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கரகரத்த குரல் வந்தது. "மூணு தடவையும் சொல்லியாச்சு! கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. இன்னும் எத்தனை தடவை சொல்லணும் அக்கா?"

அக்கா என்றாள். பாவி, அக்கா என்றாள்! அத்தனை பேருக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

"எனக்குக் கேக்கலையேடி!"

"அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அழாதே, இதோ வரேன்" என்றாள் அவள்.