வலிப் பெட்டகத்தின் சாவி

சுமைக்காரர்கள் தொடங்கிய அந்த வங்கியில் முதன்முதலாக வரவு வைக்கப்பட்டது பணமல்ல, முதுகுவலி. போட்டுவைக்க அவர்களிடம் வேறொன்றும் இல்லை. சாயங்காலம் கிடங்கு மூடியதும் வரிசையில் நின்று கவுண்டர்க் கம்பிக்கு முதுகைக் காட்டுவார்கள். காசாளர் வலியைக் கழற்றி, ஈரச் சாக்கைப்போலச் சுருட்டி, இரும்புப் பெட்டகத்தில் வைத்து ரசீது கொடுப்பார். மறுநாள் கிழவன்கூட இளவட்டத்தைப்போல மூட்டை ஏற்றினான். நாலு காசு சேர்ந்தபின் பணமும் போட்டார்கள், வங்கி கடன் கொடுத்தது, மேலே ஒரு மாடியும் எழும்பியது. வலியைத் திரும்ப எடுக்க மட்டும் ஒருவனும் வரவில்லை.

தூக்கிய மூட்டையை நடுவழியில் தரையில் இறக்குவது சுமைக்காரர்களுக்குக் கேவலம். இன்னொருவன் தோளுக்கு மாற்றித்தான் விடுவார்கள். பெட்டகச் சாவிக்கும் அதையே விதியாக்கினார்கள். வேறு யாராவது என்றால் ஓர் ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். இங்கே சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும், பிடித்தவர் வாசற்படி தாண்டக்கூடாது. முதல் காசாளர் வருஷக்கணக்காக உள்ளேயே தின்று உள்ளேயே தூங்கினார். ஒரு மதியம் அவருடைய அக்கா மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். புதிதாகக் கல்யாணமானவள், லாரி ஓட்டும் புருஷனோடு அன்றைக்கே துறைமுக ஊருக்குக் குடிபோக இருந்தாள். கடலைப் பார்த்ததில்லை.

“பல்லுவலி உசுரு போகுதும்மா. புடுங்கிட்டு ஓடியாந்துடறேன். இதக் கொஞ்சம் புடி,” என்றார் மாமா.

பிடித்தாள். பொழுது சாயத் தொடங்கியது, மாமா வரவில்லை. தெருவில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுக்கமாட்டாமல் சாவியோடு ஒரு காலை வெளியே வைத்தாள். அந்த நொடியே கிடங்கில் மூட்டையோடு பலகை ஏறிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மடங்கி விழுந்தார்கள். ஒருவனுக்கு இடுப்பு முறிந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஊர் அவளை மகராசி என்று கும்பிட்டது, சாவியை நீட்டினால் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

புருஷன் வாரம் ஒருமுறை வந்து தங்கிப்போனான். கட்டிக்கிட்டது உன்னையா இந்தக் கட்டடத்தையா என்று கேட்பான். அவன் சாவியைக் கேட்டபோது லாரியை யார் ஓட்டுவது, யார் சோறு போடுவது என்று இவளே மறுத்துவிட்டாள். மகள் ரசீதுக் கட்டுகளுக்கு நடுவில் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், ஆளானாள். பிறகு ஒரு பெரிய வங்கி இதை விழுங்கியது. பணம், நாற்காலி, மின்விசிறி எல்லாம் போயின. பெட்டகத்தில் இருப்பதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுப்போனார்கள்.

ஒருநாள் மாமா வந்தார். தலை பஞ்சு, முதுகு மட்டும் நட்ட கம்பம்.

“வந்துட்டீங்களா மாமா. புடிங்க.”

அவர் சாவியையே பார்த்தார். “இரும்மா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

டீக்கடை வாசலில், டம்ளரும் கையுமாக, நின்றபடியே உயிர் போனது.

அடக்கம் முடிந்து வந்த மகள் கம்பிக்குள் கையை நீட்டினாள். “குடும்மா. நீ போய்க் கடல ஒரு தடவ பாத்துட்டு ஓடியாந்துடு.”

“எல்லாரும் ஓடியாந்துடறேன்னுதான் போறாங்க. கைய எடுடி.”

சாயங்காலம் வழக்கம்போல வரிசை நிற்கிறது. அவள் கழற்றுகிறாள், சுருட்டுகிறாள், பூட்டுகிறாள். மாமா அவளுக்கு ஒரு மதியம் பாக்கி.